ஆளுங்கட்சியை உடைப்பது கொள்கையா, பதவியா? பட்டிமன்றத்துக்கு முன் சில சந்தேகங்கள்

கோட்டையூர் வாசகன்:

வணக்கம். காரைக்குடியில் அடுத்த மாதம் நடக்கும் பட்டிமன்றத்துக்கு இதுதான் தலைப்பு. எனக்குக் கிடைத்திருப்பது ‘கொள்கையே’ அணி. கைத்தட்டல் வாங்கும் வரிகள் வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். மூன்று சந்தேகங்கள்.

எதிர்க்கட்சியாக இருந்தபோது எத்தனையோ ஆண்டுகள் ஒன்றாக இருந்தவர்கள், ஆட்சிக்கு வந்ததும் ஒரே ஒரு மசோதாவில் பிரிந்துபோவது ஏன்? எந்த மாதிரிப் பிரச்சினை கட்சியை உடைக்கும், எது சலசலப்போடு அடங்கிவிடும்? நம் நாட்டில் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொள்கைக்காகப் பிரிவது என்பது நடக்கக்கூடிய காரியமா? தேதியும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கானாடுகாத்தான்:

முதல் இரண்டுக்கு நான் எழுதுகிறேன் தம்பி. சட்ட விஷயத்தை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நம் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். உலை தனி, செலவு தனி. முகப்பும் வளவும் பொது. ஒவ்வொரு பெரிய கட்சியும் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்வரை ஒவ்வொரு புள்ளியும் தன் அடுப்பில் தன் சமையலைச் செய்துகொள்ளலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆளுங்கட்சிக்கு அந்த வசதி இல்லை. மசோதா கொண்டுவர வேண்டும், அதற்கு ஒரு தேதி குறிக்க வேண்டும், அந்தத் தேதியில் ஒவ்வொருவரும் ஆம் என்றோ இல்லை என்றோ பெயர் பதிய வேண்டும். பல ஆண்டுகளாக மூடிவைத்த கருத்து வேறுபாடு அன்றைக்குப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

மிகத் தெளிவான உதாரணம் 1846, பிரிட்டன். இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்து உள்நாட்டு விலையைத் தூக்கிப் பிடித்த தானியச் சட்டங்களை நீக்கப் பிரதமர் ராபர்ட் பீல் முடிவு செய்தார். அவருடைய கன்சர்வேட்டிவ் கட்சியோ நிலக்கிழார்களின் கட்சி. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்த நேரம். மே 15 அன்று மூன்றாம் வாசிப்பில் 327க்கு 229 என்று மசோதா நிறைவேறியது. ஆனால் பீலின் சொந்தக் கட்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்து வாக்களித்தார்கள்; மசோதாவைக் கரை சேர்த்தது எதிர்வரிசை. ஜூன் 25 அன்று பிரபுக்கள் சபை ஒப்புதல் கொடுத்த அதே இரவில், அயர்லாந்து அடக்குமுறை மசோதா ஒன்றில் அதிருப்தியாளர்கள் எதிர்க்கட்சியோடு சேர்ந்து பீலைத் தோற்கடித்தார்கள். நான்கு நாளில் அவர் பதவி விலகினார். 1841இல் பெரும்பான்மை பெற்ற அந்தக் கட்சி மறுபடி தெளிவான பெரும்பான்மையைப் பார்த்தது 1874இல்தான். பீலோடு வெளியேறியவர்களில் ஒருவர் கிளாட்ஸ்டன். பின்னாளில் அவர் லிபரல் பிரதமரானபோது, அயர்லாந்துத் தன்னாட்சி மசோதா அவர் கட்சியை உடைத்தது: 1886 ஜூன் 8, 341க்கு 311 என்று தோல்வி, எதிர்த்து வாக்களித்த லிபரல்கள் 93 பேர்.

இரண்டாவது கேள்வி. ஒரு பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதைவிட அதன் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு கட்சிகளுக்கு நடுவில் ஓடினால் அது கட்சியை இறுக்கிக் கட்டும். கட்சிக்கு உள்ளேயே குறுக்கே ஓடினால்தான் ஆபத்து. தானிய வரியில் நிலக்கிழாரும் ஆலை முதலாளியும் ஒரே கட்சியில் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள்.

அடுத்து, பாதியில் சந்திக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வரி விகிதத்தில் ஒருவர் 6 சதவீதம் என்றால் இன்னொருவர் 10 என்பார், 8இல் முடித்துவிடலாம். ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா, ஆளைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதா கூடாதா என்ற கேள்விகளுக்கு நடு எண் கிடையாது. இதற்கும் விதிவிலக்கு உண்டு. 1931இல் பிரிட்டனில் ராம்சே மெக்டொனால்டின் லேபர் அமைச்சரவை உடைந்தது வெறும் எண்ணில்தான்: வேலையில்லாதோர் உதவித்தொகையில் 10 சதவீத வெட்டு. ஆகஸ்ட் 23 அன்று அமைச்சரவை 11க்கு 9 என்று பிரிந்தது. கடன் கொடுப்பவர்களின் நம்பிக்கை இந்த வெட்டைப் பொறுத்தது என்றானதால் பேரம் பேச இடமில்லாமல், எண் கேள்வியே ஆம்–இல்லை கேள்வியாகிவிட்டது. அக்டோபர் தேர்தலில் லேபர் 52 இடங்களுக்குச் சுருங்கியது.

மூன்றாவதாக, வெளியேறுபவர்களுக்குப் போக்கிடம் இருக்கிறதா? 2003 மார்ச் 18 அன்று ஈராக் போர் வாக்கெடுப்பில் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேருக்கு எதிராக அவர் கட்சியின் 139 உறுப்பினர்கள் நின்றார்கள். முந்தின நாளே ராபின் குக் அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். 1886ஐவிடப் பெரிய எண்ணிக்கை, ஆனாலும் கட்சி உடையவில்லை. கன்சர்வேட்டிவ் கட்சி போரை ஆதரித்ததால் அரசு விழும் அபாயம் இல்லை. எதிர்த்தவர்கள் போய்ச் சேர வேறு பெரிய வீடும் இல்லை.

தேவகோட்டை ஆச்சி:

கானாடுகாத்தான் அண்ணன் சொன்ன பிரிட்டன் கணக்கெல்லாம் சரி. ஆனால் நம் ஊர்ப் பிளவுகளை அந்த அச்சில் வார்க்க முடியாது. கொள்கை முன்னால் வரும்; பதவி யார் கையில் என்ற கேள்வி பின்னாலேயே வரும். இரண்டும் எந்தத் தேதியில் எப்படிக் கோத்துக்கொண்டன என்று பார்த்தால்தான் விளங்கும்.

1969ஐ எடுங்கள். ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கமிட்டி கூடுகிறது. வங்கிகள் பற்றி இந்திரா காந்தி ஒரு குறிப்பு அனுப்புகிறார். குடியரசுத் தலைவர் வேட்பாளராக நீலம் சஞ்சீவ ரெட்டியை, அவர் விருப்பத்துக்கு மாறாக, கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா–காமராஜர் தரப்பு தேர்ந்தெடுக்கிறது. ஜூலை 16: மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிப்பு. ஜூலை 19: 14 வங்கிகள் நாட்டுடைமை. இந்த வரிசை முக்கியம். வங்கி விவகாரம் உண்மையான கொள்கைப் பிரச்சினை. கட்சியின் கட்டுப்பாடு யாரிடம் என்ற சண்டையில் அதுவே ஆயுதமும் ஆனது. ஆகஸ்ட் 16 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல். அதில் கொறடா உத்தரவு (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை) கிடையாது, வாக்கு ரகசியம். ‘மனசாட்சிப்படி வாக்களியுங்கள்’ என்ற அழைப்பு பலித்தது அதனால்தான், வி.வி.கிரி வென்றார். நவம்பர் 12 அன்று இந்திரா கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். மக்களவையில் பெரும்பான்மை போனது. திமுகவும் இந்தியக் கம்யூனிஸ்டும் ஆதரவு கொடுத்ததால் அரசு நின்றது. 1971 தேர்தலில் இந்திரா தரப்புக்கு 352, எதிர்த் தரப்புக்கு 16. தமிழ்நாட்டில் இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூடப் போட்டியிடாமல் திமுகவுக்கே விட்டுக்கொடுத்தது. பிளவில் தாங்கிப் பிடித்தவருக்குக் கொடுத்த விலை அது.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டது கட்சியினர் சொத்துக் கணக்கு காட்ட வேண்டும் என்று கேட்டதையொட்டி. அக்டோபர் 17 அன்று புதுக்கட்சி. திமுகவுக்கு 1971இல் கிடைத்தது 184 இடம், ஆகவே அரசுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேதம் தெரிந்தது 1977இல்: அதிமுக 130, திமுக 48. பெரும்பான்மை பெரிதாக இருந்தால் பிளவின் விலை அடுத்த தேர்தலுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

நம் சிவகங்கைத் தொகுதியை விட்டுவிடாதீர்கள். கட்சிகளை இங்கே அடிக்கடி உடைத்த பிரச்சினை, யாரோடு கூட்டணி என்பது. 1996இல் மத்தியில் ஆண்ட காங்கிரஸ் தமிழ்நாட்டில் அதிமுகவோடு சேர முடிவெடுத்தபோது மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். திமுக கூட்டணியில் மக்களவைக்கு 20 இடம் வென்றார்கள், ப.சிதம்பரம் சிவகங்கையில் சைக்கிள் சின்னத்தில் வென்றார். 2001இல் அதே தமாகா அதிமுகவோடு சேர்ந்தது. சிதம்பரம் வெளியேறி காங்கிரஸ் ஜனநாயகப் பேரவை தொடங்கினார். ஐந்தே ஆண்டில் அதே கேள்வி இரண்டாவது முறை பிரித்தது. கூட்டணியைப் பதவிக் கணக்கு என்று எதிரணி தள்ளும், விடாதீர்கள். யாரை எதிர்த்து அரசியல் செய்கிறோம் என்பதும் ஒரு கட்சிக்குக் கொள்கைதான்.

1988 மட்டும் உங்கள் அணிக்கு உதவாது. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. ஜானகி பதவியேற்றது ஜனவரி 7. ஜனவரி 28 நம்பிக்கை வாக்கெடுப்பில் பேரவையிலேயே அடிதடி. 30ஆம் தேதி ஆட்சி கலைப்பு. அது முழுக்க வாரிசுரிமைச் சண்டை. இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989இல் ஒரு தரப்பு சேவலிலும் மறு தரப்பு இரட்டைப் புறாவிலும் நின்றன; திமுக 13 ஆண்டுக்குப் பின் ஆட்சிக்கு வந்தது.

புதுவயல் வழக்கறிஞர்:

மூன்றாவது கேள்விக்கு. 1985இல் 52ஆவது திருத்தம் அரசியல் சாசனத்தில் கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. பதவி போக இரண்டு வழி: கட்சி உறுப்பினர் நிலையைத் தானாக விட்டுக்கொடுப்பது, கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. இரண்டாவதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் பதவி தப்பும்.

முதல் வழியில் பலர் ஏமாறுகிறார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் ‘தானாக விட்டுக்கொடுத்தது’ ஆகும் என்று நினைக்கிறார்கள். நடத்தையிலிருந்தே அதை முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொல்லிவிட்டது. 2017இல் நம் பேரவையில் ஆளும் அதிமுகவின் 18 பேர் முதல்வருக்கு ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் எந்த வாக்கெடுப்பிலும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதி நீக்கினார். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டு, 2018 அக்டோபரில் மூன்றாவது நீதிபதி அதை உறுதி செய்தார். அதே 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு 122க்கு 11. அன்று எதிர்த்து வாக்களித்த அதிமுகவின் 11 பேர் மீது நடவடிக்கை வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல் முடிவு பேரவைத் தலைவரிடமே விடப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாவல் தடைச் சட்டத்தில் தீர்ப்பளிப்பவர் ஆளும் தரப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவருக்குச் சட்டம் காலக்கெடு வைக்கவில்லை. இதை நான் சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டையாகவே பார்க்கிறேன். மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று மணிப்பூர் வழக்கில் 2020இல் நீதிமன்றம் சொன்ன பிறகும் இழுத்தடிப்பு நிற்கவில்லை.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். 234 பேர் அவையில் பெரும்பான்மைக்கு 118. ஆளுங்கட்சிக்கு 125 இருந்தால் 8 பேர் மாறினாலே அரசு ஆட்டம் காணும். ஆனால் அந்த அதிருப்தியாளர்களைத் தகுதி நீக்கினால் அவையின் அளவே குறைகிறது. 2017இல் 18 பேர் போய், காலியாக இருந்த ஆர்.கே.நகரையும் கழித்தால் அவை 215; பெரும்பான்மைக்கு 108 போதும். அதிருப்தியாளர் வெளியேறினால் அரசு விழும் என்ற பழைய கணக்கு இப்படித் தலைகீழாகிறது.

சமாதானம் செய்யும் வழியும் சுருங்கிவிட்டது. 2003இன் 91ஆவது திருத்தத்துக்குப் பின் அமைச்சரவை அவையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தமிழ்நாட்டுக்கு முதல்வரையும் சேர்த்து 35. அதிருப்தியாளர் எல்லாருக்கும் அமைச்சர் பதவி என்று இனி கொடுக்க முடியாது.

மசோதா ஒன்றைக் கொள்கைக்காக எதிர்க்க நினைப்பவருக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் (1992) உச்ச நீதிமன்றம், கொறடாவை மீறியதற்கான தகுதி நீக்கம் அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கும், கட்சி மக்களிடம் வாக்குக் கேட்ட முக்கியக் கொள்கைகளுக்கும் மட்டுமே பொருந்த வேண்டும் என்று சுருக்கியது. நடைமுறையிலோ கட்சிகள் எல்லாவற்றுக்கும் கொறடா உத்தரவு போடுகின்றன. பிரிட்டனில் 139 பேர் மீறினாலும் தொகுதி அவர்களுடையதாகவே இருக்கும். இங்கே ஒருவர் மீறினாலும் தொகுதியே போகலாம். கொள்கை எதிர்ப்பாளர் தனியாகத் தலை காட்டாமல், கணிசமான எண்ணிக்கை சேரும் வரை காத்திருந்து ஒரே நாளில் வெளிவருவது இதனால்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பதவிச் சதி போலவே தெரியும்.

பள்ளத்தூர்:

ஒரு சேர்க்கை. ‘மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் தப்பிக்கலாம்’ என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் பாதுகாப்பு என்ற பழைய விதி 91ஆவது திருத்தத்தோடு போய்விட்டது. இப்போது இருப்பது இணைப்புக்கான பாதுகாப்பு: மூன்றில் இரண்டு பங்கு சட்டமன்ற உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டு வேறொரு கட்சியோடு இணைய வேண்டும். தனியாக நின்றுகொண்டு ‘நாங்கள்தான் உண்மையான கட்சி’ என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தச் சண்டை தேர்தல் ஆணையத்தில், 1968 சின்னங்கள் ஆணையின் 15ஆவது பத்தியின் கீழ் நடக்கும். நோக்கம், கட்சி விதி, பெரும்பான்மை என்ற மூன்று சோதனைகள். பெரும்பாலும் பெரும்பான்மையில்தான் முடிகிறது. சிவசேனா வழக்கில் 55 எம்.எல்.ஏ.க்களில் 40 பேர் ஏக்நாத் ஷிண்டே பக்கம் என்பதே 2023 பிப்ரவரியில் அவர் தரப்புக்கு வில் அம்புச் சின்னத்தைக் கொடுத்தது. முதல்வராக இருந்த உத்தவ் தாக்கரே வாக்கெடுப்பைச் சந்திக்காமல் விலகியதால், ஆளுநர் செய்தது தவறு என்று கண்டும் அவரை மீண்டும் அமர்த்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சந்தேகமான எண்ணிக்கையிலும் அவைக்குள் போய்த் தோற்பதுதான் பின்னால் வழக்குக்கு உதவும்.

கோட்டையூர் வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. வழக்கறிஞர் சொன்ன ‘காத்திருந்து ஒரே நாளில் வெளிவருவது’ எனக்குப் புதிய வெளிச்சம். இன்னும் ஒன்று மட்டும்: உடையப்போவது தெரிந்தும் தலைவர்கள் தடுத்த உதாரணம் உண்டா? அதில் எது பலித்தது, எது கவிழ்த்தது?

கானாடுகாத்தான்:

பலித்ததில் கனடாவின் மெக்கென்சி கிங்கைப் படிக்கலாம். இரண்டாம் உலகப் போரில் கட்டாயப் படைச் சேர்ப்பு வேண்டும் என்று ஆங்கிலம் பேசும் மாகாணங்கள், கூடாது என்று கியூபெக். இரண்டும் அவருடைய லிபரல் கட்சிக்கு வாக்குக் கொடுப்பவை. 1942 ஏப்ரல் 27 அன்று அவர் கேட்ட கேள்வி, ‘முன்பு கொடுத்த வாக்குறுதியிலிருந்து அரசை விடுவிக்கிறீர்களா’ என்பது மட்டும்தான். நாடு ஆம் என்றது. கியூபெக்கில் 70 சதவீதத்துக்கு மேல் இல்லை. அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டாயமாகச் சேர்த்தவர்களைக் கடல் கடந்து அனுப்பும் முடிவை 1944 நவம்பர் வரை தள்ளினார். நடுவில் அமைச்சர்கள் சிலரை இழந்தார், கட்சியை இழக்கவில்லை. இதே பிரச்சினையில் ஆஸ்திரேலியாவின் பில்லி ஹியூஸ் 1916இல் மக்களிடம் நேரடியாகக் கேட்டுத் தோற்றார். நவம்பர் 14 அன்று தன் ஆதரவாளர்களோடு லேபர் கட்சிக் கூட்டத்தைவிட்டு வெளியேறினார். பிரதமர் பதவி எதிர்க்கட்சி ஆதரவில் நின்றது, கட்சி பிளந்தது.

பிரிட்டன் பிரதமர் ஹரால்ட் வில்சன் 1975இல் ஐரோப்பியச் சந்தையில் தொடர்வதா என்ற விஷயத்தில் அமைச்சரவைக் கூட்டுப் பொறுப்பையே (அமைச்சர்கள் வெளியில் ஒரே குரலில் பேச வேண்டும் என்ற மரபை) தற்காலிகமாக நிறுத்திவைத்தார். அமைச்சரவை 16க்கு 7. அவையில் அவர் கட்சியினர் ஆதரவாக 137, எதிராக 145. மக்கள் 67 சதவீதம் இருக்கலாம் என்றார்கள், அரசு தப்பியது. நாற்பது ஆண்டு கழித்து டேவிட் கேமரன் அதே மருந்தைக் கொடுத்தபோது ஏன் கவிழ்ந்தது? 2016 ஜூன் 23இல் 51.9 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறு என்றது. எப்படி வெளியேறுவது என்று வாக்குச்சீட்டு சொல்லவில்லை. வாக்கெடுப்போடு முடிய வேண்டிய சண்டை, ஒவ்வொரு ஷரத்துக்கும் ஒரு வாக்கெடுப்பாக நாடாளுமன்றத்துக்குள் வந்து உட்கார்ந்தது. 2019 ஜனவரி 15 அன்று அடுத்த பிரதமர் தெரசா மேயின் வெளியேறும் ஒப்பந்தம் 432க்கு 202 என்று தோற்றது. எதிர்த்த சொந்தக் கட்சிக்காரர்கள் 118. செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் 21 பேரைக் கட்சி அணியிலிருந்தே நீக்கினார். பொது வாக்கெடுப்பு பலிக்க வேண்டுமானால் இருக்கும் நிலை தொடரும் என்ற விடை வர வேண்டும், அல்லது மாற்றத்தின் முழு வரைவும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். கேமரனிடம் இரண்டும் இல்லை.

உடைப்பதையே வழியாக எடுத்தவர் ஜப்பானின் கொய்சுமி. 2005 ஜூலை 5 அன்று அஞ்சல் துறைத் தனியார்மய மசோதா கீழவையில் 233க்கு 228 என்று பிழைத்தது. எதிர்த்த சொந்தக் கட்சியினர் 37. ஆகஸ்ட் 8 அன்று மேலவை நிராகரித்தது. அன்றே கீழவையைக் கலைத்து, எதிர்த்த 37 பேருக்கும் சீட்டு மறுத்து, அவர்கள் தொகுதிகளில் புது வேட்பாளர்களை நிறுத்தினார். செப்டம்பர் 11 அன்று 480இல் 296. மேலவையைக் கலைக்க முடியாது என்பதால் கீழவையைக் கலைத்தார். தேர்தல் முடிவைப் பார்த்த மேலவை அக்டோபரில் மசோதாவை ஏற்றது.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, உங்கள் அணிக்கு ஒன்று. எதிரணி 1988ஐக் கொண்டுவந்தால் அது வாரிசுச் சண்டை என்று உடனே ஒப்புக்கொள்ளுங்கள், மழுப்ப வேண்டாம். பிறகு, பிளவின்போது பதவியை விட்டவர் யார் என்று கேளுங்கள். பீல் பிரதமர் பதவியை இழந்தார், மறுபடி அதில் அமரவே இல்லை. ஜோசப் சேம்பர்லின் 1886 மார்ச்சில், தன்னாட்சி மசோதா வாக்கெடுப்புக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் முன்பே கிளாட்ஸ்டனின் அமைச்சரவையை விட்டார். ராபின் குக் பெயரை அண்ணன் சொல்லிவிட்டார். இந்த மூன்றுக்கும் பதவி என்ற விடை பொருந்தாது. 1969ஐ மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். நடுவர் கேட்டால் ஜூலை 16, ஜூலை 19 என்ற இரண்டு தேதிகளையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மறைத்துச் சொன்னால் எதிரணி மற்றதை எடுத்துக் காட்டும்.